சின்னாவைச் சுற்றி நின்ற ஐந்தாவது ஆள்

கேள்வி: பள்ளி மேல்வகுப்புகளுக்கு இலக்கியம் எடுக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகமும் முதல் உலகப்போர்க் கவிதைகளும் பாடத்தில் இருக்கின்றன. “இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?” என்கிறார்கள் மாணவர்கள். இன்றைய போர்ச் செய்திகளைக் காட்டி விளக்கினேன். அன்றைக்குக் கவனித்தார்கள், மறுநாள் பழையபடி நோட்ஸ் கேட்கிறார்கள். எப்படி இணைப்பது?

பதில்: செய்தியைக் காட்டியதில் தப்பில்லை. ஆனால் ஒப்புமையை நீங்களே செய்துமுடித்துக் கையில் கொடுத்துவிட்டீர்கள். “இது அது மாதிரி” என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். நானும் நெடுநாள் அப்படித்தான் நடத்தினேன். இப்போது முதலில் மூலத்தில் ஒரே ஒரு கணத்தை எடுத்து, அதற்குள் அவர்களை நிறுத்திவிடுகிறேன். இன்றைய வாழ்க்கையை அவர்களே கொண்டுவருகிறார்கள்.

‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் கொலையுண்ட சீசரின் உடலருகே அவர் நண்பர் ஆன்டனி பேசும் பேச்சோடு எல்லோரும் நின்றுவிடுவார்கள். அதற்கு அடுத்த குட்டிக் காட்சியை எடுங்கள்; மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. சின்னா என்று ஒரு கவிஞர். வெளியே போக மனமில்லை, ஆனாலும் ஏதோ இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே தெருவுக்கு வருகிறார். ஆன்டனியின் பேச்சில் கொதித்துப்போன கூட்டம் மடக்குகிறது. பெயர் என்ன, எங்கே போகிறாய், எங்கே குடியிருக்கிறாய், கல்யாணம் ஆயிற்றா? நான்கு பேரும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். அவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். கல்யாணம் ஆகவில்லை என்றதற்கே ஒருவன் கோபித்துக்கொள்கிறான். பெயர் சின்னா என்றதும், சீசரைக் கொன்ற சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பெயர் என்பதால், கிழித்துப் போடுங்கள் என்கிறார்கள். “நான் கவிஞன் சின்னா” என்று கதறுகிறார். அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழியுங்கள் என்று பதில் வருகிறது.

பத்து நிமிடத்தில் நடித்துவிடலாம். நான்கு மாணவர்களுக்கு அந்த நான்கு குடிமக்களின் வசனத்தைக் கொடுங்கள். ஐந்தாவதாக ஒருவரை வசனமே இல்லாமல் கூட்டத்தோடு நிற்க வையுங்கள். முடிந்ததும் அந்த ஐந்தாவது ஆளிடம் ஒரே கேள்வி: எந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறந்திருந்தால் இது நின்றிருக்கும்?

ஒருமுறை அப்படி நின்ற மாணவி காட்சி முடிந்தும் தன் இடத்துக்குப் போகவில்லை. “மூணாவது கேள்வி வரைக்கும் எனக்கு இது விளையாட்டாத்தான் இருந்துச்சு சார்” என்றாள். அப்புறம் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் யாரோ ஒருவரை எல்லோரும் சேர்ந்து கிழித்ததையும், தாங்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்ததையும் அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் உடனே மூலத்துக்குத் திரும்புங்கள். வேற்றுமை எங்கே இருக்கிறது? ரோமில் கூட்டத்துக்கு முகம் உண்டு. குழுவில் அதுகூட இல்லை. ஒற்றுமையைவிட வேற்றுமையைத் தேடும்போதுதான் பிள்ளைகள் மறுபடி வரிகளுக்குள் போகிறார்கள்.

போர்க் கவிதைக்கு வேறு வழி. “போர் கொடியது” என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே திருப்பிச் சொன்னால் ஏன் கேட்பார்கள்? கவிதை யாரிடம் பேசுகிறது என்று கேளுங்கள். வில்ஃப்ரெட் ஓவன் 1917-ல் எழுதிய ‘டுல்ஸே எட் டெகோரம் எஸ்ட்’ கவிதையில் நச்சுவாயு சூழ்கிறது, முகமூடியை மாட்டத் தவறிய ஒருவன் கண்ணெதிரே மூச்சுமுட்டிச் சாகிறான். கடைசியில் கவிஞர் “நண்பரே” என்று யாரையோ கூப்பிடுகிறார். நாட்டுக்காகச் சாவது இனிது என்ற ரோமானியக் கவிஞர் ஹொராஸின் பழைய வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள், அது பொய் என்கிறார். அந்த நண்பர் யார்? கையெழுத்துப்படி ஒன்றில் ஜெஸ்ஸி போப்பின் பெயர் இருக்கிறது. இளைஞர்களைப் படையில் சேரத் தூண்டிப் பத்திரிகைகளில் பாட்டெழுதியவர் அவர். பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு இன்னொருவரைத் தியாகம் செய்யச் சொல்லும் குரலை மாணவர்கள் எங்கெல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் போர்க்களத்தில் மட்டும் இருக்காது.

அதற்குப் பக்கத்தில் புறநானூறு 279-ஐ வையுங்கள், ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. ஒருத்தி முன்பு நடந்த போரில் பிறந்த வீட்டு உறவை இழந்தாள், நேற்றைய போரில் கணவனை. இன்று மறுபடி பறை கேட்கிறது. மிச்சமிருப்பது ஒரே மகன். வெள்ளாடை உடுத்தி, “பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி”, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். பறக்கிற முடிக்கு எண்ணெய் தடவுகிற அந்தக் கையிலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பள்ளிக்கு அனுப்பும் கையும் அதுதான். மரபான உரை இதை வீரம் செறிந்த மறக்குடியின் பெருமையாகவே கொள்கிறது, அதை மறைக்காதீர்கள். ஆனால் பாட்டு “கெடுக சிந்தை” என்றல்லவா தொடங்குகிறது? பாடுபவர் வியக்கிறாரா, பதறுகிறாரா? ஓவனுக்கும் இவருக்கும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடட்டும். பழைய பாட்டை இன்றைய கருத்துக்கு வளைத்துவிடாமல் வாதாட வேண்டும், அதுதான் நிபந்தனை.

தேர்வைப் பற்றிய பயம் வேண்டாம். இப்படி வாதாடியவர்களுக்கு வரி மறக்காது. மேற்கோளும் விடைத்தாளில் தானாக வந்து விழும்.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். போரை வீட்டில் பார்த்த பிள்ளை, அல்லது பார்த்தவர்களின் பிள்ளை, உங்கள் வகுப்பில் இருக்கலாம். “உன் குடும்பத்தில் நடந்ததைச் சொல்” என்று ஒருபோதும் எழுப்பி நிறுத்தாதீர்கள். என்ன கவிதை வரப்போகிறது என்று முதல்நாளே வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்திருக்கட்டும்.

அப்புறம், ஓவனின் வாழ்க்கைக் குறிப்பைக் கவிதைக்கு முன்னால் சொல்லாதீர்கள். முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் பரிதாபப்படுவார்கள், வரியைப் படிக்கமாட்டார்கள். விவாதமெல்லாம் முடிந்து மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது சொல்லுங்கள்: அவர் 1918 நவம்பர் 4 அன்று போர்முனையில் கொல்லப்பட்டார். வயது 25. சரியாக ஒரு வாரம் கழித்துப் போர் நின்றது.