முசாஷி தாமதமாக வந்தாரா?

அன்புள்ள ஐயா,

சென்ற கட்டுரையில் பழைய ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியை மாபெரும் கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். நான் கேள்விப்பட்ட கதை வேறு. சசாகி கோஜிரோவுடன் நடந்த சண்டைக்கு வேண்டுமென்றே தாமதமாக வந்து, எதிராளியைக் கோபப்படுத்தி, துடுப்பில் செதுக்கிய மரவாளால் அடித்துக் கொன்றவர் அவர். ஜெயித்துவிட்டார் என்பதற்காக ஒருவரைக் கொண்டாடலாமா? கராத்தே கற்கும் என் மகன் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தத் தாமதத்தைப் பார்த்துவிடலாம். சண்டை நடந்தது 1612இல், ஃபுனாஜிமா என்ற குட்டித் தீவில். தோற்ற கோஜிரோவின் பட்டப்பெயரால்தான் இன்று அதை கன்ரியூஜிமா என்கிறார்கள். முசாஷி இறந்து ஒன்பது வருடம் கழித்து, 1654இல், அவருடைய வளர்ப்பு மகன் இயோரி கொகுராவில் ஒரு கல்வெட்டு வைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் வந்து சந்தித்தார்கள் என்றுதான் அதில் இருக்கிறது. மரவாள் உண்டு, தாமதம் இல்லை. நீங்கள் கேட்ட கதை 18ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'நிதென்கி' என்ற முசாஷி வரலாற்று நூல் வழியாகப் பரவியது. அப்புறம் 1935 முதல் 1939 வரை ஆசாஹி நாளிதழில் வந்த தொடர்கதை முசாஷியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. மகன் வைத்த கல் அப்பாவுக்குச் சாதகமாகத்தானே பேசும் என்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் நூறு வருடத்துக்கும் மேல் பிந்தி வந்த கதையைவிட அந்தக் கல்லைத்தான் நான் நம்புகிறேன்.

அதற்காக அவரைச் சாதுவாக்க மாட்டேன். 13 வயதிலேயே அரிமா கிஹேய் என்ற வாள்வீரரைத் தோற்கடித்தவர். அவர் எழுதிய 'ஐந்து வளையங்களின் நூ'லில் தீ என்ற பகுதியைப் படித்தால் தெரியும்: சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில், எதிராளியைக் கால் இடறும் பக்கமாகத் துரத்து, அவன் மனதைக் குலை. உயிர் போகிற இடத்தில் நின்று பழகியவரின் பேச்சு அது. தாமதக் கதை பொய்யாகவே இருந்தாலும் அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

நான் அவரைக் கொண்டாடுவது அதே நூலின் முன்னுரைக்காக. 28, 29 வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்கிறார். உடனே அடுத்ததாக, முப்பதைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, கலை கைவந்ததால் அந்த வெற்றிகள் வரவில்லை என்று புரிந்தது என்கிறார். பிறவித் திறமையாக இருக்கலாம், எதிராளிகளின் பயிற்சியில் குறை இருந்திருக்கலாம். அதன்பிறகு காலையும் மாலையும் பயின்று, ஐம்பது வயது வாக்கில்தான் வழி பிடிபட்டதாம். தோற்றவர்கள் இப்படி யோசிப்பது சகஜம். அறுபது முறை ஜெயித்த ஒருவர் தன் வெற்றிகளை இப்படிச் சந்தேகப்பட்டதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்த இடைப்பட்ட வருடங்களின் பலனை அவருடைய மை ஓவியத்தில் பார்க்கலாம். காய்ந்த கிளை ஒன்று கீழிருந்து நெட்டுக்குத்தாக எழுகிறது. உச்சியில் ஒரு கீச்சான் குருவி. பாதி உயரத்தில் ஒரு சின்னப் புழு, பறவை இருக்கும் பக்கமாகவே மேலே ஊர்ந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் வெறும் தாள். இவ்வளவுதான் படம். அந்தக் கிளையைக் கை நடுங்காமல் இழுத்திருக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

1640இல் ஹொசொகாவா தடதோஷி என்ற பிரபுவின் விருந்தாளியாக குமமோட்டோ போனார். அடுத்த வருடமே பிரபு இறந்துபோனார். 1643இல் ரெய்கந்தோ குகையில் உட்கார்ந்து அந்த நூலைத் தொடங்கினார். 1645இல் முடித்தார், அதே வருடம் இறந்தும் போனார்.

படம் சுவரிலேயே இருக்கட்டும். மகனுக்கு அந்த நூலை வாங்கிக் கொடுங்கள். தீ பகுதிக்குத் தாவாமல் நிலம் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அங்கே படைத்தலைவனைத் தலைமைத் தச்சரோடு ஒப்பிடுகிறார். கணு இல்லாத நேரான மரம் முன்பக்கத் தூணுக்கு. கொஞ்சம் கணு இருந்தாலும் நேராக, உறுதியாக இருந்தால் பின்பக்கத் தூணுக்கு. அழகாக இருந்து வலு குறைந்தது நிலைக்கும் கதவுக்கும். வலுவும் இல்லாமல் கணுவும் விழுந்ததைச் சாரம் கட்டிவிட்டு, அப்புறம் விறகாக்கலாம். எந்த மரத்தையும் அவர் தூக்கிப்போடவில்லை. வாளைப் பற்றிய நூல் மரத்தில் தொடங்குவதைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.