வருடத்தின் பெரும்பகுதி ஆபரா என்ற இசை நாடகங்களை நடத்திய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர், பெரிய வாத்தியக் குழுவுக்கான சிம்பொனிகளை எப்போது எழுதினார்?

கோடை விடுமுறையில். பொஹீமியாவில் 1860-ல் பிறந்தவர், 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஆபராவின் இயக்குநர். சென்னைக்கு மார்கழி ஒரு மாதம். அவருக்குக் கோடை தவிர எல்லாமே சீசன். அதனால் கோடையில் தனிக் குடிலில் உட்கார்ந்து வரைவை முடிப்பார், குளிர்காலத்தில் எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற பகிர்வைச் சரிசெய்து படியெடுப்பார். குடில் இருந்த ஊர்கள்: ஹாம்பர்க்கில் வேலை பார்த்த காலத்தில் ஷ்டைன்பாக், வியன்னா காலத்தில் மையர்னிக், 1908 முதல் டோப்லாக்.

என்னைக் கேட்டால், குடிலைவிட முக்கியம், மேடையில் நின்று கையசைவால் வாத்தியக் குழுவை வழிநடத்தும் நடத்துநரின் காது. மாலரின் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் இசைக் குறிப்பும் அடங்கிய ஏடு) முழுக்க 'இழுக்காதே' போன்ற எச்சரிக்கைகள். இரண்டாம் சிம்பொனியில் முதல் பகுதி முடிந்ததும் குறைந்தது 5 நிமிட இடைவெளி கேட்கிறார். நிறைவுப் பகுதியில் ஹார்ன், டிரம்பெட் போன்ற பித்தளை ஊது வாத்தியங்கள் மேடைக்கு வெளியிலிருந்து ஒலிக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் பத்தில் ஒரு நொடி தாமதம். மேடையைக் கேட்டு வாசித்தால் போகவர இரட்டிப்பாகும். எனவே வெளியே நிற்கும் உதவி நடத்துநர் ஒருவர், மேடை நடத்துநரின் கையசைவை வீடியோ திரையில் பார்த்து, சற்று முந்தியே தாளம் காட்டுவார். சென்னை அரங்கென்றால் இன்னொன்று: ஏசி இல்லாத நடைவழியின் சூட்டில் பித்தளை வாத்தியச் சுருதி ஏறிவிடும். ஒத்திகையின்போது நிற்கப்போகும் இடத்திலேயே சுருதி சேர்த்து, பார்வையாளர் இருக்கையிலிருந்து ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும்.

1911 மே 18-ல் இறந்தபோது மாலருக்கு வயது 50; பத்தாம் சிம்பொனி பாதியில் நின்றது.