வலப்பக்கம் திரும்பினாலே விழுகிற கேமல்

கேள்வி: முதல் உலகப் போர் சிமுலேட்டரில் சோப்வித் கேமல் என்கிற பிரிட்டிஷ் போர் விமானத்தை ஓட்டுகிறேன். இடப்பக்கத் திருப்பத்தை ஒருவழியாகச் சமாளிக்கிறேன். வலப்பக்கம் திரும்பினால் மட்டும் மூக்கு கவிழ்ந்து, சுழன்று தரையில் விழுகிறேன். ஜாய்ஸ்டிக்கை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். 1917-ல் நிஜக் கேமலில் ஏறிய புது விமானிகளையும் இந்தத் திருப்பம் காவு வாங்கியிருக்கிறது. உங்கள் கேம் அதை அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

கேமலில் இருப்பது ரோட்டரி எஞ்சின். ஒன்பது சிலிண்டர்களும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, யாரையாவது வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். அப்புறம் அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். திரும்பாமல் சாய்ந்துகொண்டு முரண்டு பிடிக்கும். கேமலின் எஞ்சினும் அதே முரண்டுதான்: வலப்பக்கம் திரும்பினால் மூக்கு இறங்கும், இடப்பக்கம் திரும்பினால் ஏறும். மூக்கு இறங்கியதும் நீங்கள் பதறி ஸ்டிக்கை இழுத்திருப்பீர்கள். இறக்கை காற்றின் பிடிப்பை இழப்பது அங்கேதான்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் இடது ரடர் (வாலில் இருக்கும் திருப்புப் பலகை) கொடுங்கள். வலப்பக்கத் திருப்பத்தில் அது மூக்கைத் தூக்கிப் பிடிக்கும், இடப்பக்கத் திருப்பத்தில் ஏறவிடாமல் அமுக்கும். ஆனால் ரடரைக் கீபோர்டில் வைத்திருந்தால் இது நடக்காது. கீயை அழுத்தினால் முழு ரடரும் ஒரேயடியாகப் போய்விடும். முறுக்குகிற ஜாய்ஸ்டிக்கோ பெடலோ வேண்டும்; உங்களுடையது முறுக்காத வகை என்றால் மட்டும் அதற்குச் செலவு செய்யுங்கள். பெட்ரோலையும் பாதியாக்குங்கள். பெரிய டேங்க் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், நிறைய நிரப்பினால் வால் கனத்துவிடும்.

சரி, சுழன்றேவிட்டது என்றால்? எஞ்சினைக் குறைத்து, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து லேசாக முன்னே தள்ளி, சுழல்கிற திசைக்கு எதிர் ரடர் கொடுங்கள். சுழற்சி நின்றதும் ரடரை விட்டுவிட்டு மெதுவாக மூக்கைத் தூக்குங்கள். எதிரியே இல்லாத மிஷனில், 2,000 மீட்டர் உயரத்தில் வேண்டுமென்றே சுழலவிட்டுப் பழகுங்கள். எனக்கே இது கைவர ஒரு வாரம் பிடித்தது.

சுடுவதற்குப் பழக மட்டும் கேமல் வேண்டாம். அதே போரில் பறந்த இன்னொரு பிரிட்டிஷ் விமானமான எஸ்.இ.5ஏ எடுங்கள். அதில் எஞ்சின் சுற்றாது, தண்ணீரால் குளிரும் சாதாரண வகைதான். குறி ஆடாமல் நிற்கும். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய், 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றிகளைக் கணக்கில் சேர்த்தது அந்த விமானத்தில்தான். கேமலை அடக்கிய இந்தியரும் உண்டு: ஹர்தித் சிங் மாலிக், 28-ஆம் ஸ்க்வாட்ரன் (விமானப் படைப்பிரிவு). எதை எடுத்தாலும் 100 மீட்டருக்குள் நெருங்காமல் சுடாதீர்கள். தூரத்திலிருந்து சுட்டால் தோட்டாதான் தீரும்.