காது இரைகிறது என்று காணியை விற்காதீர்கள்

போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். அந்த அக்காவின் மடியில் ஒரு பைல், உள்ளே யாழ்ப்பாணம் கோண்டாவில் காணியின் உறுதி. மகன் உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டு தரம் எழுதி மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குக் காணாது. வெள்ளி, சனி இரவுகளில் கிளப்பில் டிஜே. விடியப்புறம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் காதுக்குள் 'கீ' என்று இரைகிறதாம், மின்விசிறியைக் கூட்டிவிட்டால்தான் நித்திரை வருமாம். இதையே சாட்டாக வைத்து டிஜே வேலையை நிற்பாட்டிவிட்டு, காணியை விற்று வெளிநாட்டில் டொக்டருக்குப் படிக்க அனுப்பச் சொல்லி லண்டன் மாமா நாள் தவறாமல் கோல் எடுக்கிறார்.

அக்கா, காது விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், அதற்கு மேல் 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதி பாதியாகக் குறையும் என்பதுதான் அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம்! கிளப்பில் அந்தச் சத்தம் சர்வசாதாரணம், தம்பி அதற்குள் நிற்பதோ நான்கு மணித்தியாலம். ஆட வந்தவர்கள் வெளியே போய்க் காற்று வாங்கலாம். டிஜேக்கு முகத்துக்கு நேரே மொனிட்டர் ஸ்பீக்கர், அதையும் மீறி அடுத்த பாட்டைக் கேட்க ஒரு காதில் ஹெட்போனை இன்னும் கூட்டி வைக்கவேண்டும். காலையில் இரைச்சல் அடங்கிவிடுகிறதே என்று தம்பி சொல்வான், விடாதீர்கள். உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

ஆனால் டிஜே வேலைக்குத் தடை போடுவது அதற்கு மருந்து அல்ல. இசைக்காரர்களுக்கென்றே வடிகட்டி வைத்த காதடைப்பான் இருக்கிறது. பஞ்சு மாதிரி பாட்டை மந்தமாக்காமல் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். 15 டெசிபெல் குறைக்கும் ஒன்றைச் சரியாகப் பொருத்தினால் 100 என்பது காதுக்குள் 85. மொனிட்டரைத் தணித்து, இடையிடையே வெளியே வந்தால் இன்னும் நல்லது.

சரி, இப்போது மாமாவின் யோசனை. காணியை விற்று அனுப்பினாலும் பிள்ளை திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்த பிறகுதான் இங்கே வைத்தியம் பார்க்கலாம். மாமா அதைச் சொல்ல மாட்டார், கட்டணத்தில் பங்கும் தர மாட்டார். எல்லாவற்றையும் விட, தம்பியிடம் டொக்டராக விருப்பமா என்று நான் கேட்டபோது அவன் உங்கள் முகத்தைப் பார்த்தானே தவிரப் பதில் சொல்லவில்லை. எனக்கு அது போதும். இந்தக் காணியை விற்க நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

ஐடி, சீமா கணக்கியல் படிப்பு பற்றியெல்லாம் நான் எழுதத் தேவையில்லை, காலி வீதிச் சுவரொட்டிகளே சொல்லும். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: கேட்டல் விஞ்ஞானம், அதாவது ஓடியோலொஜி. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டம் நான்கு வருடம், இலவசக் கல்வி. வேலை என்னவென்று கேட்டால், சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லி, 250 ஹேர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று வரைபடம் போடுவது. பிறந்த குழந்தையால் பொத்தானை அழுத்த முடியாதே! அதன் காதில் ஒரு குட்டிக் கருவியை வைத்து 'டிக் டிக்' என்று அனுப்பினால், நல்ல காது தானே ஒரு நுண்ணிய ஒலியைத் திருப்பி அனுப்பும், அதைப் பிடிப்பார்கள். கேட்டல் கருவியை ஒருவரின் காதுக்கு ஏற்றபடி சுருதி சுருதியாகச் சரிசெய்வதும் இவர்கள்தான். தம்பி ஈக்குவலைசரில் பாட்டின் சுருதிகளைக் கூட்டிக் குறைப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. நான் ஒரு வரைபடத்தை மேசையில் வைத்து, 4000 ஹேர்ட்ஸ் பக்கம் விழுந்திருந்த பள்ளத்தைக் காட்டினேன், அதிக சத்தம் தின்ற காதின் அடையாளம் அது. அவ்வளவு நேரமும் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் கதிரையை முன்னுக்கு இழுத்தான். அப்புறம் இன்னொன்று, பேச்சை வைத்துக் காதைச் சோதிக்கும்போது நோயாளியின் மொழியிலேயே சொற்கள் வேண்டும். தமிழில் அதைச் செய்யத் தெரிந்தவர் ஒவ்வொருவரும் இங்கே பெறுமதி.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தம்பியின் புள்ளியோடு ஒத்துப் பார்த்து, விண்ணப்பத்தில் இந்தப் பட்டத்தை மேலே போடுங்கள். முதலில் அவனுடைய காதுக்கு ஒரு பரிசோதனை செய்யுங்கள், ஆனால் சனி இரவு கிளப்பில் டிஜே வேலை செய்துவிட்டு ஞாயிறு காலை கூட்டிப்போக வேண்டாம், குறைந்தது 14 மணித்தியாலம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த முறை வரும்போது அந்த வரைபடத்தைக் கொண்டு வாருங்கள். காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.