ஓவியருக்கு ஒரே பாணிதான் இருக்க வேண்டுமா?

"இரண்டு விதமாக வரைகிறேன், 'உனக்கென்று ஒரு ஸ்டைலைப் பிடி' என்று எல்லாரும் சொல்கிறார்கள், இது குறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரிடமோ படங்களைக் காட்டி நொந்துபோய்த்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் நொந்தவன்.

நான் கேப்டன் டைகர் என்ற கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். 'தங்கக் கல்லறை'யில் வரும் பாலைவனப் பாறைகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைவேன். பிரஷ்ஷை அழுத்தினால் நிழல், லேசாகத் தூக்கினால் விரிசல். பல வருஷம் கழித்து 'ஆர்ஸாக்' என்ற இன்னொரு காமிக்ஸைப் பார்த்தேன். கூம்புத் தொப்பிக்காரன் ஒருவன் வெளிறிய ராட்சதப் பறவைமேல் போகிறான், ஒரு வசனம்கூடக் கிடையாது, தலைப்பில் அவன் பெயரின் எழுத்துக்கூட்டே கதைக்குக் கதை மாறுகிறது. வரைந்தவர் மோபியஸ். அவரும் டைகரை வரைந்தவரும் ஒரே ஆள், பிரான்ஸின் ழான் ஜிரோ என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 1963-ல் தொடங்கிய டைகருக்கு 'ஜிர்' என்று கையெழுத்து, விஞ்ஞானக் கனவுகளுக்கு மோபியஸ். இரண்டையும் பல வருஷம் அக்கம்பக்கமாகவே செய்தார்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வேலை கேட்டுப் போனேன். அந்த அதிகாரி விரலை எச்சில் தொட்டு என் படங்களைப் புரட்டினார், பாதியில் நிறுத்தி, "ரெண்டு பேர் வரைஞ்ச மாதிரி இருக்கே, இதுல எது தம்பி உன்னுது?" என்றார். இரண்டும் என்னுடையதுதான் சார், இங்கேயே வரைந்து காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று ஃபைலை மூடிவிட்டார். திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி இருந்தது, இன்னும் ஆறவில்லை.

"அவர் மேதை, நீ யார்?" என்று கீழே யாராவது வந்து கேட்பார்கள் என்று தெரியும். நான் அவரோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனால் 1961-ல், இருபத்து மூன்று வயதில், அவரும் ழிஜே என்ற மூத்த ஓவியரின் பென்சில் கோட்டுக்கு மேல் மை போட்ட உதவியாளர்தான். டைகரின் ஆரம்பக் கதைகளில் குருவின் கை அப்படியே தெரியும். அப்புறம் அதே ஆள்தான் 1979-ல் வந்த 'ஏலியன்' படத்துக்கு விண்வெளி உடைகளை வரைந்தார். ஒரு ஸ்டைலைப் பிடி என்ற பேச்சுக்கு அவர் கட்டுப்பட்டிருந்தால் நமக்கு மோபியஸே கிடைத்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஒரு சாம்பிள் மட்டும் வரைஞ்சு குடுங்க" என்று இலவசமாக வாங்கிக்கொண்டு போன் எடுக்காமல் விடுகிறார்களே, அதைப் பற்றி ஏன் யாரும் இங்கே கேள்வி கேட்பதில்லை? இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்து கொடுத்திருக்கிறேன், ஒரு நன்றிகூட வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு விதத்தையும் ஒரே ஃபைலில் கலக்காதீர்கள், தனித்தனியாக வையுங்கள், பெயரும் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. நான் அப்போது அதைச் செய்யவில்லை. முடிந்தால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு படம் இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.