மாதம் 5,000 ரூபாயோடு பங்குச் சந்தைக்குள் போகலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. செலவு போக மாதம் 5,000 மிஞ்சும். கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி இருக்கிறது. அறை நண்பர் ஆப்ஷனில் ஒரே நாளில் 8,000 எடுத்தார். நானும் பங்குச் சந்தைக்கு வரலாம் என்றால், அம்மா "அதெல்லாம் சூதாட்டம்" என்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: கார்டிலிருந்து தொடங்குங்கள். பல கார்டுகளில் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி. 18,000க்கு மாதம் 630 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். வருடா வருடம் இவ்வளவு தரும் பங்கு என்று ஒன்றைக் கைகாட்ட எனக்குத் தெரியாது. கார்டை அடைத்தாலோ அந்த வட்டி அப்படியே மிச்சம். மாதம் 5,000 கட்டினால் நான்கு மாதத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும்.

அப்புறம் அந்த 5,000ஐப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் சேரும் வரை 3,000 வங்கி ஆர்.டி.யில் போகட்டும். மீதி 2,000 சந்தைக்கு. வேலை போனாலோ வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ, சந்தை விழுந்து கிடக்கும் நேரத்தில் பங்கை விற்க வேண்டிய நிலை வரக்கூடாது. அதற்காகத்தான் இந்த ஆர்.டி.

அம்மா சொன்னதில் பாதி சரி. ஆப்ஷனுக்கு, அதாவது ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த தேதிக்குள் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தத்துக்கு, அது பொருந்தும். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நஷ்டப்பட்டவர்களுக்குத் தலைக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய் போயிருக்கிறது. உங்கள் எட்டு மாதச் சம்பளம். பங்குக்குக் கெடு கிடையாது, பத்து வருடம்கூட வைத்திருக்கலாம். ஆப்ஷனுக்குக் காலாவதித் தேதி உண்டு. நீங்கள் நினைத்தபடியே விலை ஏறினாலும், அந்தத் தேதிக்குள் ஏறாவிட்டால் ஆப்ஷனை வாங்கக் கட்டிய பிரீமியம் முழுவதும் போய்விடும்.

நண்பரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். தரகு நிறுவனத்தின் செயலியில் லாப நஷ்ட அறிக்கை இருக்கும். அதில் ஒரு நாளைப் பார்க்காமல், போன நிதியாண்டு முழுவதையும் கட்டணங்கள் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். தினசரி வாங்கி விற்கும் இன்ட்ராடேயும் இதே கதைதான்: 2022-23இல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம், 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் 76 சதவீதம் பேருக்கு.

சரி, கணக்கு தொடங்குவோம். பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கை வீட்டிலிருந்தே திறந்துவிடலாம். விண்ணப்பத்தில் எந்தெந்தப் பிரிவுகள் வேண்டும் என்று ஒரு இடம் வரும். பங்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். எஃப் அண்ட் ஓ வேண்டுமானால் வருமானச் சான்று கேட்பார்கள்; அந்த இடத்தில் எதையும் பதிவேற்றாமல் கடந்துவிடுங்கள். கதவையே திறக்காவிட்டால் நள்ளிரவில் ஆசை வந்தாலும் உள்ளே போக முடியாது. தரகு நிறுவனம் கடன் கொடுத்துப் பங்கு வாங்க வைக்கும் மார்ஜின் வசதியும் வேண்டாம். 4 லட்சம் ரூபாய் வரை பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாத அடிப்படை டீமேட் கணக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். நாமினியாக அம்மா பெயரைப் போட்டுவிடுங்கள்.

முதல் ஒரு வருடம் அந்த 2,000 முழுவதும் நிஃப்டி 50 பட்டியலில் உள்ள கம்பெனிகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில், இடைத்தரகர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில், மாதாமாதம் தவணையாகக் கட்டும் எஸ்.ஐ.பி. ஆகப் போகட்டும். ஒரே தவணையில் ஐம்பது பெரிய கம்பெனிகளில் உங்களுக்கும் ஒரு துளி பங்கு. இதிலும் இறக்கம் உண்டு. 2020 ஜனவரியில் 12,300 புள்ளிகளைத் தாண்டிய நிஃப்டி குறியீடு, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்துவிட்டது. எப்போதும் இவ்வளவு வேகமாகத் திரும்பிவிடாது. 2008 ஜனவரியில் 6,287இல் இருந்தது, அக்டோபரில் 2,600க்கும் கீழே போனது. அந்தப் பழைய உச்சத்தை நிலையாகத் தாண்ட 2014 வரை ஆயிற்று. மூன்று வருடத்தில் தங்கையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ தேவைப்படும் பணத்தை இங்கே கொண்டுவரவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நீங்கள் இப்போது கற்க வேண்டியது, விலை விழும்போது உங்கள் கை என்ன செய்கிறது என்பதை. 10,000 ரூபாய் 7,000 ஆகும்போது தூக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் சேர்ந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதைவிட இது ரொம்ப மலிவு.

தனிப் பங்குகளுக்கு இரண்டாவது வருடம் வரலாம். அதற்குள் உங்களுக்குத் தெரிந்த துறையில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படியுங்கள். கம்பெனியின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். நான் முதலில் புரட்டுவது, ரொக்கம் எவ்வளவு வந்தது, போனது என்று காட்டும் பணப்புழக்க அறிக்கையை. மளிகைக்கடைக்காரர் மாதம் 50,000 லாபம் என்கிறார். ஆனால் பாதிச் சரக்கு கடனுக்குப் போயிருக்கிறது, கல்லாவில் காசு இல்லை. கம்பெனிகளிலும் இது நடக்கும். நிகர லாபம் வருடா வருடம் ஏறுகிறது, வியாபாரத்திலிருந்து வந்த ரொக்கம் மட்டும் ஏறவில்லை, வாடிக்கையாளர்களிடம் வர வேண்டிய பாக்கி வீங்கிக்கொண்டே போகிறது என்றால் ஒதுங்கிவிடுங்கள். கடன் எவ்வளவு, நிறுவனர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பெரிய பெயரை நம்பி முழுப் பணத்தையும் போடுவதும் ஆபத்துதான். கணக்கு மோசடி வெளியே வந்த 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் என்ற பெரிய ஐ.டி. கம்பெனியின் பங்கு ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் மதிப்பிழந்தது.

சின்னச் சின்னதாக விற்காதீர்கள். விற்கும்போது டீமேட்டிலிருந்து பங்கு போவதற்கு ஒரு கட்டணம் உண்டு. நிறுவனத்தைப் பொறுத்து 15, 20 ரூபாய் இருக்கும். 200 ரூபாய்ப் பங்கு ஒன்றை விற்றாலும் அதேதான், நூறை விற்றாலும் அதேதான். ஒன்றை மட்டும் விற்றால் ஏழரை முதல் பத்து சதவீதம் வரை அங்கேயே போய்விடும். வரியும் சீக்கிரம் விற்பவருக்குத்தான் அதிகம்: ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால், நிதியாண்டில் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, மிஞ்சியதற்கு 12.5 சதவீதம்.

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் "நாளைக்கு இது இரட்டிப்பாகும்" என்று வந்தால் வெளியேறிவிடுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் இறக்காதீர்கள். அதில் தெரியும் லாபம் வெறும் எண். எடுக்கப் போனால் இன்னும் கட்டு என்பார்கள்.

உங்கள் பங்கும் ஃபண்டும் உண்மையில் உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்று பார்க்க, டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அனுப்பும் கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வரும். பரிவர்த்தனை நடந்த மாதங்களில் அதைத் திறந்து சரிபாருங்கள். அம்மாவுக்கும் ஒரு முறை காட்டுங்கள். நாமினி அவர்தானே, எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.