வாசகர் கேள்வி–பதில்: மூன்று பெயரில் தாய் எங்கே?

கேள்வி: தடை தாண்டும் போட்டிகளில் ஓடிய 12 வயதுப் பெட்டைக்குதிரை ஒன்றைக் குட்டிக்காக ஐரோப்பாவிலிருந்து எடுப்பிக்க யோசிக்கிறோம். வந்த தாளில் ‘டியமாண்ட் டி செமிலி – கிடாம் டி ரெவெல் – லாண்ட்கிராஃப் 1’ என்று மூன்று பெயர்கள். தந்தை, தாய், பாட்டி என்று எடுத்துக்கொள்வதா?
– நுவரெலியா வாசகர்

பதில்: இல்லை, மூன்றும் ஆண்கள். முதலாவது உங்கள் குதிரையின் தந்தை, அடுத்தது அதன் தாயைப் பெற்ற தந்தை, கடைசி அம்மம்மாவின் தந்தை. பெயர்கள் நல்ல பெயர்கள்தான். கிடாம் 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பிரெஞ்சு அணியில் தாண்டியது. டியமாண்ட் 2002இல் ஹெரேஸில் உலகப் பட்டம் வென்ற பிரெஞ்சு அணியில் இருந்தது. லாண்ட்கிராஃப் ஜேர்மனியின் ஹோல்ஸ்டைனர் இனம். அதன் தந்தை லேடிகில்லர் இங்கிலாந்துத் தரோபிரெட், அதாவது ஓட்டப்பந்தயத்துக்கென வளர்க்கும் இனம். ஆனால் இந்தப் பொலிகுதிரைகளுக்கு நூற்றுக்கணக்கில் மகள்கள். இந்த மூன்று பெயரை வைத்து உங்கள் பெட்டையை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஆகவே நாலு தலைமுறைத் தாளைக் கேளுங்கள். அதில் மேல்பாதி தந்தைவழி, கீழ்ப்பாதி தாய்வழி. ஆகக் கீழே ஓடும் வரிதான் தாய், அம்மம்மா, அவளுடைய தாய். அந்த ஒவ்வொருத்தியைப் பற்றியும் மூன்று விஷயம் விசாரியுங்கள்: எத்தனை குட்டி போட்டாள், அவற்றில் எத்தனை 1.40 மீற்றர் உயரத்தில் போட்டியிட்டன, அவை எத்தனை பொலிகுதிரைகளுக்குப் பிறந்தவை. மூன்று வெவ்வேறு தந்தைக்குப் பிறந்த மூன்று குட்டிகள் தாண்டியிருந்தால் பெருமை தாய்க்கு. மூன்றும் ஒரே தந்தையின் குட்டிகள் என்றால் யாருடைய திறமை என்று சொல்ல முடியாது. ஏழு வயதாகாத குட்டிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெரிய தடைகளுக்கு அவை இன்னும் வரவில்லை. ஹோல்ஸ்டைனர் பதிவேட்டில் தாய்வழிக் குடும்பத்துக்கு ‘ஸ்டாம்’ என்று ஒரு எண் உண்டு. அந்த எண் இருந்தால் ஒன்றுவிட்ட சகோதரிகளின் குட்டிகளையும் தேடிப் பார்க்கலாம்.

நன்றாகத் தாண்டிய பெட்டை நல்ல குட்டி போடும் என்பதும் நிச்சயமில்லை. டீஆர்ஐ 2025 என்ற தேயிலை வகையில் கிளை வெட்டி நட்டால் தாய்ச்செடியே திரும்ப வரும். குதிரையோ பழைய விதைத்தேயிலை மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். 1956 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் தடை தாண்டித் தங்கம் வென்ற ஹல்லா என்ற பெட்டையின் தந்தை ஒரு வண்டிப்பந்தயக் குதிரை. தாயின் பரம்பரை தாளிலேயே இல்லை. அவள் போட்ட குட்டிகளில் ஒன்றுகூட அவள் தரத்துக்கு வரவில்லை. எனக்குத் தெரிவு செய்யக் கிடைத்தால், தானே பதக்கம் வென்ற பெட்டையை விட, தாண்டுகிற குட்டிகளைப் போட்ட நடுத்தரப் பெட்டையைத்தான் எடுப்பேன்.

கேள்வி: அதே பெட்டைக்குப் பலூபே டு ரூவே என்ற பொலிகுதிரையின் உறைவிந்து போடலாமா? இரண்டு பக்கமும் அல்மே என்ற பெயர் வருகிறதே!

பதில்: வரும். பலூபேயின் தந்தை கலூபே, கலூபேயின் தந்தை அல்மே. கிடாமின் தந்தை ஜாலிஸ்கோ, அதன் தந்தையும் அல்மேதான். பிறக்கும் குட்டியிலிருந்து எண்ணினால் தந்தைவழியில் மூன்றாம் தலைமுறை, தாய்வழியில் ஐந்தாம் தலைமுறை. இதை 3×5 என்று எழுதுவார்கள். அல்மேயால் மட்டும் வரும் உறவுக்கலப்பு 0.78 சதவீதம்; பயப்பட ஒன்றுமில்லை. 3×3 என்றால் 3.125, 2×2 என்றால் 12.5. அந்தக் கடைசிக் கணக்கு வந்தால் விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம் ஒரு மரபணுச் சோதனை. வார்ம்பிளட் எனப்படும் ஐரோப்பியச் சவாரிக்குதிரை இனங்களில் தோலும் மூட்டும் உறுதியில்லாமல் குட்டி பிறக்கும் நோய் ஒன்று உண்டு. சுருக்கமாக டபிள்யூஎஃப்எஃப்எஸ் என்பார்கள். அப்படிப் பிறந்த குட்டி பிழைக்காது. நோய் தரும் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் குதிரை பார்வைக்கு முழுச் சுகமாகவே இருக்கும். தாயும் தந்தையும் சுமந்தால் நாலில் ஒரு பங்கு ஆபத்து. வேரோடு பிடுங்கிய பிடரிமயிர் போதும், ஆய்வுகூடம் சொல்லிவிடும். பெட்டை சுமப்பவள் என்றால் அவளை ஒதுக்கத் தேவையில்லை, சுமக்காத பொலிகுதிரையைத் தேடினால் சரி.

கேள்வி: ரேஸ்கோர்ஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் பெட்டை மலிவாகக் கிடைக்கிறது. அதை வைத்து ஆரம்பிக்கலாமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: இரத்தத்தில் குறையில்லை. பெயருக்குப் பின்னால் இரண்டு எக்ஸ் போட்டிருந்தால் அது தரோபிரெட்; லேடிகில்லரும் அப்படித்தான். பார்க்க வேண்டியது கால். ஓட்டத்தில் தசைநார் கிழிந்து நின்றதா, வேகம் போதாமல் நின்றதா என்று கேளுங்கள். முதலாவதென்றால் மிருக வைத்தியரிடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். சவாரி இல்லாமல், தடைகளை மட்டும் வைத்து ஓட விட்டு, முன்னங்கால் முழங்காலை மேலே மடக்குகிறதா என்றும் கவனியுங்கள். காலைத் தொங்கவிடும் பெட்டைக்கு, முன்னங்காலை நன்றாக மடக்கும் பொலிகுதிரைதான் வேண்டும்.

எந்தக் குதிரையானாலும் காசு கொடுக்கும் முன் கழுத்தில் பதித்த மைக்ரோசிப்பின் எண் குதிரையின் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 15 இலக்கப் பதிவெண் வேறு. அதன் முதல் மூன்று இலக்கம் பதிவான நாட்டைக் காட்டும்: 276 ஜேர்மனி, 250 பிரான்ஸ். வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதானால் பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் பெறுங்கள். முற்பணம் அதற்குப் பிறகு.